நாத்தனார் பார்க்காத பினாங்கு

எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது. பாத்திரத்தை உருட்டுவது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்புவது எதுவும் என் வழக்கமில்லை. நான் எடுத்து வைத்துக்கொள்வேன். ஊறுகாய் போடுகிறவர்களுக்குத் தெரியும், உப்புப் போட்டு மூடி வைத்தது லேசில் கெடாது. என் நாத்தனார் மேல் வந்த கோபத்தைப் பதினோரு வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

அவள் என் கணவருக்கு மூத்த அக்காள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. பெற்றோர் போனபிறகு தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, எனக்குக் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். அதனால் எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நேரில் பார்த்தால் 'அண்ணி, வாங்க, போங்க' என்பேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. வரட்டும். நேரில் கொடுத்த மரியாதையே அதிகம்.

ஐம்பதுகளில் நாங்கள் சிங்கப்பூரில் ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில், ஆணியும் சங்கிலியும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். கணவர் துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பள்ளிவிட்டு சிராங்கூன் ரோடு வழியாக நடந்து வரும்போது ஓர் இசைத்தட்டுக் கடையைத் தாண்டி வரவேண்டும். அந்தக் கடைக்காரர் சாயங்காலம் ஆனால் ஒரே நாகஸ்வரத் தட்டைப் போடுவார். வாசித்தவர் அப்போது உயிரோடு, நல்ல புகழோடு இருந்த வித்வான். காம்போதி ராகம். மெதுவாக ஆரம்பித்து, அங்குமிங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, சரியாக மேலே ஏறப் போகிற நேரத்தில் தட்டு முடிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குமேல் அந்தக் காலத் தட்டில் இடமில்லை. மறுபக்கம் திருப்பினால் வேறு என்னவோ இருக்கும்.

அதற்கப்புறம் அவர் எங்கே போவார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. நகை வேண்டாம், பட்டு வேண்டாம், அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே கணவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

மூன்றாம் வருஷம் வழி பிறந்தது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னைக் கப்பலில் போவது, சங்கீத சீசனில் ஒரு சபாவில் அந்த வித்வானின் கச்சேரி கேட்பது, அப்படியே கொடைக்கானலுக்குப் போய் மலையும் ஏரியும் பார்ப்பது, ஜனவரியில் திரும்புவது. சென்னையில் இருந்த கணவரின் சிநேகிதர் கச்சேரிக்கு இடம் சொல்லிவைத்தார். எங்கள் இருவருக்கும் கப்பல் சீட்டு வந்தது. அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரையும் வாங்கி வைத்தேன். நாத்தனார் என் பெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடியும் திறப்பாள். "கொடைக்கானல்ல மேகம் வீட்டுக்குள்ளயே வருமாமே?" என்று கேட்பாள். அவளும் சிங்கப்பூரைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. பாவம் என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கப்பலுக்கு மூன்று நாள் இருந்தபோது அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். "கப்பல்ல உப்புச்சப்பில்லாமத்தான் போடுவாங்க, நல்லா சாப்பிட்டுக்க" என்று இரண்டாம் தடவையும் அள்ளி ஊற்றினாள். மறுநாள் காலையில் என் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சொரிந்தால் இன்னும் பரவியது. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பின்னால் வந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா."

"வேர்க்குருவா இருக்கும் அண்ணி."

"வாயக் கழுவு. வந்தவளைப் போயி வேர்க்குருன்னு சொல்லுவியா?"

அவ்வளவுதான். தமிழர் வீட்டில் அம்மை வந்துவிட்டது என்று ஒருத்தி சொல்லிவிட்டால், வரவில்லை என்று சொல்ல இன்னொருத்தி பிறந்து வரவேண்டும். அப்படிச் சொன்னால் மாரியம்மனை அவமதித்ததாக ஆகும். டாக்டரைக் கூப்பிடக்கூடாது, ஆத்தாவுக்குக் கோபம் வரும். வெளியே போகக்கூடாது. தாளிக்கக்கூடாது. அரைமணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. கீழே கடையில் இருந்த சீனர்கூட அதைப் பார்த்துவிட்டு மாடிப்படிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். நான் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். பள்ளிக்கூடமாக இருந்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பேன், இது ஒவ்வாமை என்று. ஆனால் வாசலில் வேப்பிலை கட்டியபிறகு எனக்கும் உள்ளூரப் பயம். ஒருவேளை ஆத்தாவாகவே இருந்துவிட்டால்? படித்தவள், கெட்டிக்காரி, பாயில் சுருண்டு படுத்துக்கொண்டேன். இது நான் செய்த தப்பு. இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்காள்தான் அவருக்கு வழி சொன்னாள். துறைமுகத்தில் டாக்டர் ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்ப்பார், இந்தத் தடிப்போடு போனால் அம்மை நோயாளி என்று தொற்றுநோய்த் தீவில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். அம்மை வீட்டிலிருந்து பயணம் கிளம்பக்கூடாதுதான், ஆனால் அவள் மஞ்சள் துணியில் காசு முடிந்து ஆத்தாவிடம் உத்தரவு கேட்டுவிட்டாளாம், ஆண்பிள்ளைக்குத் தடையில்லையாம். தம்பி தனியாகப் போய்ச் சாப்பாட்டுக்குத் திண்டாடக்கூடாது. சீட்டும் கையில் இருக்கிறது. ஆத்தா எனக்கு மட்டும்தான் கதவைச் சாத்தியிருந்தாள். சீட்டு வாங்கித் தந்த ஏஜென்ட் எங்களுக்கு வேண்டியவர், என் பேரை எடுத்துவிட்டு அவள் பேரைப் போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் மோரும் இளநீரும் கொண்டுவந்து தருவதாக ஒத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நாம போகலாம். கட்டாயம் போகலாம்" என்றார் கணவர். தூரத்தில் நின்று சொன்னார்.

அவர்கள் கப்பலேறிய அன்று காலையில் என் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. கண்ணாடி போலத் துடைத்துவிட்டிருந்தது. ஆனாலும் மூன்று தண்ணீர் ஊற்றுகிறவரை வேப்பிலையை அவிழ்க்கக்கூடாது என்று பக்கத்து வீட்டம்மாள் சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் ஒருநாள் கஞ்சிக்கு உப்புத் தேடி அடுப்படியில் கையை விட்டபோது, அம்மிக்குப் பின்னால் வாழையிலையில் சுருட்டிய பெலாச்சான் கட்டி அகப்பட்டது. ஒரு மூலை புதிதாக வெட்டப்பட்டிருந்தது. பெலாச்சான் என்றால் மலாய்க்காரர்கள் சம்பாலுக்குப் போடுகிற கூனி இறால் விழுது. அது எனக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை தின்றுவிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனேன். அப்போது களிம்பு தடவி விட்டதே நாத்தனார்தான். அதிலிருந்து அந்த வீட்டுக்குள் பெலாச்சான் வந்ததில்லை. கருவாட்டு வாடையில் அந்த வாடை எங்கே தெரியப்போகிறது?

அப்படியும் மனசு ஒருபக்கம் சொல்லியது, தெரியாமல் போட்டிருப்பாளோ என்று. ஜனவரியில் அவர்கள் திரும்பி வந்தபின் அவள் பெட்டியை நான்தான் பிரித்துத் துணியை எடுத்து வைத்தேன். அவளுடைய ஊசிப் புத்தகம் அடியில் கிடந்தது. அவளுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். எனக்குத் தடிப்பு வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே அவள் அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டிருந்தாள். பயணத்துக்குப் போகாதவளுக்கு எதற்கு ஊசி? எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்காகக் காய்ந்தது?

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள், கணவர் சமாதானம் பேசியிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். எனக்கு அது முடியவேண்டாம்.

அவள் திரும்பி வந்த ஒரு மாசம் வீட்டில் தினம் சபைதான். சந்திலிருந்த பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்து கொடைக்கானல் கதை கேட்டார்கள். ஏரியில் படகு, மலைக்கு மலை மேகம், குளிரில் பல் கிட்டித்துப்போனது, பேரிக்காயை மரத்திலிருந்து பறித்துத் தின்றது. நான் காப்பி ஆற்றிக் கொடுத்தேன். ஒருத்தி கேட்டாள், "கச்சேரிக்குப் போனீங்களா?" என்று.

"போனோம், போனோம். ஒரே பீப்பீ சத்தம். எனக்குத் தலைவலி வந்துருச்சு. பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டோம்."

கணவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று பாடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை பொருள் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் எனக்கே அது புரிந்தது.

அடுத்த வருஷம் போகவில்லை. அந்த மழைக்காலத்தில், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது வானொலிச் செய்தியில் சொன்னார்கள், அந்த வித்வான் காலமானார் என்று. கஞ்சி கையில் கொட்டியது. எரிச்சல் தெரியவில்லை. நாத்தனார் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தண்ணீரில் முக்கினாள். அந்தக் கையை உதறவேண்டும் போல இருந்தது. உதறவில்லை. பதறாத காரியம் சிதறாது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று காத்திருந்தேன்.

காலம் நன்றாகவே இழுத்தது. நாங்கள் குவீன்ஸ்டவுனில் வீடமைப்பு அடுக்குமாடிக்குக் குடிபோனோம். தண்ணீர் குழாயில் வந்தது, மாடிப்படியில் பூனை குட்டி போட்டது, நாடு மலேசியாவோடு சேர்ந்தது, பிரிந்தது. பிரிந்தபின் இரண்டு வருஷம் எல்லாரும் முன்போலத்தான் ஜொகூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்வந்தார்கள். பிறகு சட்டம் வந்தது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஜொகூர் பாலத்தைத் தாண்ட வேண்டுமானால் கடவுச்சீட்டு வேண்டும். தினப்பத்திரிகைகளில் போட்டார்கள், வானொலியில் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது மண்டையில் ஏற நாளாயிற்று. பாதிக் குடும்பம் பேராக்கில், பாதிக் குடும்பம் சிங்கப்பூரில். பினாங்கு எப்படி வெளிநாடு ஆகும்? வெளிநாடு என்றால் கப்பலேற வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் கோயில் மாதர் மன்றத்தார் தைப்பூசத்துக்குப் பினாங்கு போக ஒரு பஸ் பேசினார்கள். வழியில் கேமரன் மலை, குளிர், தேயிலைத் தோட்டம். பினாங்கில் மலை ரயில், வெள்ளி ரதம், காவடி. ஐந்து நாள். நாத்தனாருக்குக் காலில் சக்கரம் கட்டியது போல ஆகிவிட்டது. கொடைக்கானலுக்குப் பிறகு அவள் எங்கும் போகவில்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தாள். மத்தியான வெயிலில், அடுக்குமாடி வீட்டில், அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். வேர்த்து வடியும். கழற்றமாட்டாள்.

பயணத்துக்குப் பேர் எழுதியவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். அஞ்சல் ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கறாரான ஆள். கோயில் வாசலில் என்னைப் பிடித்துச் சொன்னார்.

"எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கோ, என்ன? இல்லாட்டி உட்லண்ட்ஸிலேயே இறக்கிப் போடுவினம். உங்கட மச்சாளுக்கும் மறக்காமல் சொல்லுங்கோ."

"சொல்றேன்" என்றேன்.

எனக்கான கடவுச்சீட்டை இரண்டு வாரத்தில் வாங்கிவிட்டேன். பள்ளி இடைவேளையில் போய்ப் படம் எடுத்தேன், விண்ணப்பம் எழுதினேன், வாங்கி மேசை இழுப்பறையில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன். ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஏம்மா, பினாங்குக்குப் போறதுக்கு இப்பல்லாம் பேப்பர் கீப்பர் ஏதாச்சும் வேணுமா? கீழ் வீட்டுப் பொண்ணு என்னமோ சொன்னா."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது, நல்லதாகப் போயிற்று.

"பினாங்குக்கா? அது நம்ம ஊருதானே அண்ணி. ஐசி இருந்தா போதும்."

"அதானே! நானும் அதத்தான் சொன்னேன்" என்று அடையாளக் கார்டை எடுத்து முந்தானையில் முடிந்து பார்த்தாள். எவ்வளவு சுலபமாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். அன்றைக்குக் குழம்பு நன்றாக அமைந்தது.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் கோயில் வாசலில் பஸ் ஏறினோம். நாத்தனார் கம்பளிச் சட்டையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள், எங்கே மறந்துவிடுமோ என்று. பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துப் புளியோதரை கிண்டி ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள். சன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். "நீ ஒக்காரு. நான் அன்னைக்கே எல்லாம் பாத்துட்டேன், நீ பாரு" என்றாள். இதைக் கேட்டு மனசு இளகியிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

உட்லண்ட்ஸில் எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவள். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் அதிகாரி, இளைஞர், பெரியம்மா என்று மலாயில் மரியாதையாகவே கேட்டார்.

"மாக்சிக், பாஸ்போர்ட்?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அடையாளக் கார்டைக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் திரும்பவும் கொடுத்தாள். முன்னாலெல்லாம் எல்லாரையும் விட்டீர்களே, இப்போது ஏன் விடமாட்டீர்கள் என்று சந்தை மலாயில் சண்டை பிடித்தாள். "டுலு போலே லா! டுலு போலே!" என்று அவள் குரல் உயர உயர, பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மா முன்னால் வந்தார்.

"நான் சொல்லிவிட்டனான் எல்லே? நீங்கள் இவவுக்குச் சொல்லேல்லையோ?" என்று என்னைக் கேட்டார்.

"மறந்துட்டேங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

நாத்தனார் சண்டையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையில் கடவுச்சீட்டு இருந்தது. நான் அதை மறைக்கவில்லை. அவள் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மறந்துட்டியா?"

"இல்ல அண்ணி."

அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது.

"எத்தன வருஷமா வச்சிருந்த?"

"பதினொன்னு."

அவள் கத்துவாள், மயிரைப் பிடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "புளியோதர பஸ்ஸுல இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சாப்பிட்டுருங்க, ஊசிப்போயிரும்" என்றாள். பஸ் பாலத்தில் ஏறும்போது பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெயிலில், கம்பளிச் சட்டையோடு, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பி உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, வயிறு குளிர்ந்தது.

கேமரன் மலையில் எல்லாம் பார்த்தேன். மேகம் உண்மையிலேயே ரோட்டில் நடந்து வந்தது. தேயிலைச் செடிகள் மலை முழுக்க ஒரே உயரத்தில் வெட்டிவிட்டிருந்தன. பினாங்கில் மலை ரயில் ஏறியபோது காது அடைத்தது, கீழே கடலும் கப்பல்களும் தெரிந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போதே அவளிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டேன். எதைச் சொன்னால் அதிகம் எரியும் என்று தேர்ந்தெடுத்தேன். விடிகாலையில் வெள்ளி ரதம் கிளம்பியது. சீனர்கள் ரோட்டில் மலை மலையாகத் தேங்காயைக் குவித்து உடைத்தார்கள், இளநீர் வாய்க்காலாக ஓடியது. ரதத்துக்கு முன்னால் நாகஸ்வரக்காரர்கள் இருவர். பேர் தெரியாத உள்ளூர்க்காரர்கள். நான் அவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்தேன். நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் நான் கேட்க ஏங்கிய கை அது இல்லை. அவர் போனவர் போனவர்தான். எத்தனை பேரை உட்லண்ட்ஸில் இறக்கிவிட்டாலும் அவர் எனக்காக எழுந்து வந்து வாசிக்கப் போவதில்லை என்பது அந்தத் தேங்காய்த் தண்ணீரில் நடக்கும்போதுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்து அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

வீடு திரும்பிய அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள், கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். உட்லண்ட்ஸ் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நான் சொல்ல மறந்துவிட்டதாக அவள் தம்பியிடம் சொல்லிவைத்திருந்தாள். நான் குளிரைச் சொன்னேன், மேகத்தைச் சொன்னேன், மலை ரயிலைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கும் என்று பார்த்தால், "அப்புறம்? பொட்டி சாயாதா? மேல கடை இருக்கா?" என்று வாயைத் திறந்துகொண்டு கேட்கிறாள். கடைசியில் நான் வைத்திருந்த கத்தியை எடுத்தேன்.

"ரதத்து முன்னால நாயனம். மூணு மணி நேரம் பக்கத்துலயே நடந்து கேட்டேன்."

அவள் கை நின்றது.

"முழுசாவா கேட்ட?"

"முழுசா."

"குடுத்து வச்சவ. எனக்குத்தான் பாதியிலயே போச்சு."

"நீங்கதானே அண்ணி தலைவலின்னு எந்திரிச்சு வந்தீங்க?"

அவள் வாயைத் திறந்தாள், தம்பியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பத்திரிகை கொஞ்சம் உயர்ந்தது. அந்த உயர்வைப் பார்த்ததும் எனக்கு எதுவோ தட்டியது.

"அண்ணி, யாருக்குத் தலைவலி?"

"போனதப் போயி இப்ப எதுக்கு…"

"யாருக்கு?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பெலாச்சான் போட்டது நான்தான். அதுக்கு நீ என்ன உட்லண்ட்ஸ்ல எறக்குனது சரிதான். நான் ஒரு வார்த்த சொன்னனா? ஆனா கச்சேரிய நான் விட்டுட்டு வரல. எனக்கு ராகமெல்லாம் தெரியாது. அந்த மனுசன் வாசிக்கிறாரு, எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. உன்ன நெனச்சுக்கிட்டேன், பாவம் பண்ணிட்டமேன்னு. இவன்தான் கையப் புடிச்சு இழுத்தான். அப்புறம் போனா கேன்டீன்ல கூட்டமாயிருமாம், டிபன் தீந்துருமாம். நீ கேட்டா அவன் மேல கோவப்படுவன்னு என் தலைவலின்னு சொல்லி வச்சேன்."

கணவர் பத்திரிகையை மடித்தார். "பத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்பப் போயி…" என்றார்.

"அன்னைக்கு என்ன ராகம் வாசிச்சாரு?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்காத கேள்வி. கேட்டால் அழுதுவிடுவேன் என்று கேட்காமல் இருந்தது.

"ராகமா? ஞாபகம் இல்லையே. ஏதோ பெரிசா வாசிச்சாரு."

"கேன்டீன்ல என்ன சாப்பிட்டீங்க?"

"ரவா தோசை, கோதுமை அல்வா" என்றார், யோசிக்கவே இல்லை. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பெலாச்சானை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவளுக்குப் போகவேண்டும் என்று வெறி இருந்தது, அதற்காகத் திருடினாள். திருடியதை உட்கார்ந்து அனுபவிக்கவாவது தெரிந்தது. இவருக்கு என்ன இருந்தது? என் மூன்று வருஷக் கனவைக் கையில் கொடுத்தார்கள். பாதியில் எழுந்து அல்வா தின்னப் போனார்.

மறுவாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து, விண்ணப்பம் எழுதி, அவள் பேரில் ஒரு கடவுச்சீட்டு வாங்கினேன். அந்த டிசம்பரில் சென்னைக் கப்பலுக்கு இரண்டு பேருக்கு மட்டும் இடம் சொன்னோம். கணவர் துறைமுகம்வரை வந்து பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். அவருக்கு அந்த மாசம் லீவு இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"ஒரு மாசம் சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

"கேன்டீன் இருக்குல்ல" என்றேன்.

கப்பல் கரையைவிட்டு நகர்ந்தது. கீழே அவர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். என்ன இருந்தாலும் வளர்த்த பாசம், நாத்தனார் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.